மூன்று சொல் சொல்வேன், பிறகு கேட்பேன்

எங்கள் தொழிலில் கேள்வி கேட்கப் போகிறவர்தான் சந்தேக நபர். பதில் சொல்ல வேண்டியவர் கதிரையில் வசதியாக இருப்பார்; கேட்க வந்தவர் கேற்றடியில் நின்று வியர்ப்பார். டெங்கு நுளம்பு பார்க்கப் போனவர்கள், குடிசன மதிப்புக்குப் போனவர்கள், காப்புறுதிக்கு ஆள் சேர்க்கப் போனவர்கள், “ஒரு பத்து நிமிசம்தான்” என்று தொடங்கி ஒரு பின்னேரத்தைத் தொலைத்தவர்கள், உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் வேலை, ஒரு கிளினிக்குக்காக வன்னியில் வயது போனவர்களின் ஞாபகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. முதல் வாரம் ‘ஞாபகச் சோதனை’ என்று சொல்லிக்கொண்டு போனேன். சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் இந்தப் பக்கத்து ஆட்கள் அடையாள அட்டையைத் தேடுகிறார்கள். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். கேட்பதெல்லாம் சின்னக் கேள்விகள். இன்றைக்கு என்ன திகதி, என்ன கிழமை, இது எந்த ஊர். பிறகு மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்துவிட்டு, அந்த மூன்றையும் திரும்பக் கேட்பேன். ஒரு மணிக்கூடு கீறச் சொல்வேன். அவ்வளவுதான்.

இது நோயைக் கண்டுபிடிக்கும் வேலை அல்ல. யாரை டொக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று அரித்தெடுக்கும் வேலை. காது கேளாமை, தைரொயிட் குறைவு, விற்றமின் குறைவு, நித்திரையின்மை, மனக்கவலை எல்லாமே மறதி போல வேசம் போடும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. வைத்தியத்தில் முழுதாக மாறாத மறதி என்றாலும், தொடக்கத்திலேயே தெரிந்தால் அந்த மனிதர் தன் காரியங்களைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பிழை விட்டால் என்னோடு சேர்ந்து வீடே பெயிலாகிவிடும் என்ற பயத்தில், பயிற்சியில் சொன்ன இவ்வளவையும் அப்படியே பாடமாக்கி வைத்திருந்தேன்.

கீழே வருகிறவர்களில் ரீத்தம்மா மட்டும் திரும்பத் திரும்ப வருவார். அவரை டொக்டருக்கு முன்னால் கொண்டுபோய் இருத்துவதற்கு நான் பட்ட பாடுதான் இந்த வருடத்தின் பெரிய பாடு.

கேற்றடி

தண்ணீரூற்று என்ற ஊரில் நான் போன முதல் வீடு பொன்னுத்துரை ஐயாவுடையது. முன்பு தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர். நாயைக் கட்டாமலே என்னோடு கதைக்கத் தொடங்கினார். ஆர் அனுப்பினது, ஏன் இந்த ஒழுங்கைக்கு முதலில் வந்தது, இங்கே ஒரு வயதானவர் இருக்கிறார் என்று ஆர் சொன்னது என்று வரிசையாகக் கேட்டார். அடையாள அட்டையை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். அப்பாவின் பெயர், சொந்த ஊர், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் சொன்னேன்.

பிறகுதான் நாய் கட்டப்பட்டது, கதிரை வந்தது, தேத்தண்ணியும் வந்தது. நான் கேள்விகளைத் தொடங்கினேன். அவரும் ஒன்றும் விடாமல் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மணிக்கூடு கீறும்போது தலையை நிமிர்த்தாமல், “தகப்பன்ர பேர் என்னவெண்டு சொன்னனீர்?” என்று கேட்டார். திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்தைக் கேட்டார். அதையும் சொன்னேன். அவருடைய ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என்னைப் பற்றிய அவருடைய சந்தேகம் தீரவில்லை. வெளிக்கிடும்போது கேற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“எல்லாம் சரியாச் சொல்லுறீர் பிள்ளை. அதுதான் எனக்கு யோசினையாக் கிடக்கு.”

வாசித்துக் காட்டும்

முல்லைத்தீவுக் கடற்கரையில், கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ரீத்தம்மா இருக்கிறார். கருவாடு போட்டுப் பிழைக்கிறவர். புருஷன் இறந்துவிட்டார், புருஷனின் தங்கை பிலோமினா, அவரும் தனித்தவர், கூட இருக்கிறார். என்னை வரச் சொன்னவரும் பிலோமினாதான். மச்சாள் இப்போதெல்லாம் கேட்டதையே கேட்கிறா, இரண்டு தரம் உலையை வைத்துவிட்டு மறந்துபோனா, ஒரு நாள் கரையிலிருந்து வந்து அடுத்த வீட்டுக் கதவில் எங்கள் திறப்பைப் போட்டுத் திருப்பிக்கொண்டு நின்றா என்று குசினிக்குள் கூப்பிட்டு இரகசியமாகச் சொன்னார்.

நல்ல வெயில். யூன் மாதம் பதினோராம் திகதி, புதன்கிழமை. ரீத்தம்மா ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்து, பேனையைப் பார்த்து, பிறகுதான் வாயைத் திறந்தார். திகதியைக் கேட்டபோது, உமக்குத் தெரியாதோ என்று திருப்பிக் கேட்டுவிட்டு, கனநேரம் யோசித்துச் சரியாகச் சொன்னார். மூன்று சொல் சொல்வேன், பிறகு கேட்பேன் என்றேன். தேங்காய், சைக்கிள், மணி. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது தேங்காயும் சைக்கிளும் வந்தன. மணி வரவில்லை. மணிக்கூட்டின் முள்ளுகளும் இடம் மாறியிருந்தன. டொக்டர் ஒருக்கால் பார்த்தால் நல்லது என்ற அளவில் விடைகள் இருந்தன. அதைச் சொன்னேன். வரமாட்டேன் என்றார். சில மாதம் கழித்து நான் திரும்ப வந்து பார்க்கிறேன் என்றேன்.

பையைத் தூக்கும்போது கையைப் பிடித்தார். நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். தன் வாயால் சொன்னதைத் தான் கேட்பதில் என்ன பிழை என்று நினைத்து, திகதி, கிழமை, ஊர், தேங்காய், சைக்கிள், வராமல் போன மணி எல்லாவற்றையும் வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இந்த முறை அவருடைய உதடுகளும் என்னோடு சேர்ந்து அசைந்தன. முடிந்ததும் தலையை ஆட்டினார்:

“சரி. இனி இதை மாத்தப்படாது.”

எதில் வந்தாய்?

செட்டிகுளம் எங்கள் பக்கம். அங்கே எனக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் மாரிமுத்துத் தாத்தா வீட்டுக்குப் போனேன். இளவயதில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். திகதி சொன்னார், கிழமை சொன்னார், மூன்று சொல்லையும் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். இது எந்த ஊர், எந்த மாவட்டம் என்று கேட்டதும் வாய் மூடிவிட்டது. மருமகளுக்கு வெட்கமாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் எந்த வரம்பு யாருடையது என்றெல்லாம் சொல்லுவாரே, இதைச் சொல்லத் தெரியாதா என்று அவரை உலுப்பினார். தாத்தா நிலத்தைப் பார்த்தார்.

என் அப்பாவின் ஆட்களும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் எந்த ஊர் என்று கேட்டால் முதலில் கேட்டவரின் காலைப் பார்ப்பார்கள், செருப்புப் போட்ட ஊர் ஆளா, சப்பாத்துப் போட்ட அதிகாரியா என்று. அதனால் தெரியவில்லை என்று நான் எழுதவில்லை. சொல்ல விரும்பவில்லை என்று எழுதினேன். எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் வாயைத் திறந்தார்:

“ஊரு பேரக் கேட்டு எழுதுனவங்க எல்லாரும் பின்னாலயே எங்கள ஏத்திட்டுப் போக லொறியக் கொண்டாந்தாங்க, பாப்பா. நீ எதுல வந்த?”

உறுதி

வவுனியா நகரத்தில் இரும்புக்கடை வைத்திருந்த சிவபாலன் ஐயாவின் வீட்டில் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவருடைய மனைவியே பதில் சொன்னார். ஐயாவிடம் நேரே கேட்டால் வேறு எதையோ சொன்னார். மூன்று சொல்லில் ஒன்றுகூட வரவில்லை. மனைவி, பார்த்தீரோ பிள்ளை என்பதுபோல என்னைப் பார்த்தார். ஐயாவோ என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் மருமகன் செய்கிற வேலை என்றார். தனக்கு மூளை பிழை என்று எழுதி எடுத்தால் வீட்டு உறுதிப் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மருமகன் திட்டம் போட்டிருக்கிறாராம். அந்த மருமகன் அனுப்பிய ஆள் நானாம்.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. அவருக்குப் பின்னால் போய் நின்று, மருமகனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னேன். அவர் திரும்பவே இல்லை. காதுக் கிளினிக்குக்கு அனுப்பினோம். இரண்டு காதிலிருந்தும் வெளியே வந்ததைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். அடுத்த முறை மூன்று சொல்லையும் நான் சொல்லி முடிக்க முன்னமே திருப்பிச் சொன்னார். ஐயாவுக்கு மறதி இல்லை, காதுதான் பிழை என்றேன். அவருக்கு மெத்தச் சந்தோசம்:

“காது பிழையெண்டால் எழுதும் பிள்ளை, நல்லாப் பெரிசா எழுதும். காதுக்காக ஒருத்தனும் உறுதி கேக்க வரமாட்டான்.”

மழைக்குள் யூன் மாதம்

நவம்பரில் ரீத்தம்மாவிடம் திரும்பப் போனேன். கடல் இரைந்துகொண்டு கிடந்தது. ஒழுங்கையில் முழங்கால் வரை வெள்ளம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கு என்ன திகதி அம்மா என்று கேட்டேன். இந்த முறை யோசிக்கவே இல்லை. யூன் பதினொண்டு, புதன்கிழமை என்றார். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று சொல் சொல்வேன் என்று தொடங்கினேன். இரண்டாம் முறைக்கு வேறு சொற்கள்: குடை, மீன், கதவு. நான் குடை என்று சொல்ல முன்னமே அவர் சொல்லிவிட்டார்: “தேங்காய், சைக்கிள். மூண்டாவது மணி. அது எனக்கு வரேல்ல.”

நான் பேனையை வைத்துவிட்டேன். குசினிக்குள் இருந்து பிலோமினா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்து, விசயத்தை உடைத்தார். ரீத்தம்மாவின் மகன் ஜெறோம் போரின் கடைசி நாட்களில் பாலத்தடியில் காணாமல் போனவன். அவனைத் தேடி எத்தனையோ விசாரணை மேசைகளுக்கு முன்னால் ரீத்தம்மா வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஒரு மேசையில் அவன் போட்டிருந்தது நீலச் சட்டை என்றவர், காய்ச்சலோடு போன இன்னொரு நாள் பச்சை என்று சொல்லிவிட்டார். எதிரே இருந்தவர் பேனையை மூடி வைத்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பொழுதுபடச் செபமாலை சொல்லி முடிந்ததும், மகனைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். யூன் மாதத்திலிருந்து என்னிடம் சொன்ன விடைகளும் அதற்குப் பின்னால் சேர்ந்துகொண்டன. “முதல் செபமாலை, பிறகு மகன்ர கதை, பிறகு உம்மட தேங்காய்” என்றார் பிலோமினா. “ஆமென் சொல்ல எனக்கு அலுத்துப் போச்சு.”

நான் இன்றைய திகதியைத்தான் கேட்டேன், அம்மா, போனமுறைத் திகதியை அல்ல என்று மெல்லச் சொன்னேன். மகனின் கதை பழசு, அது ஊறிப்போனது. என் தேங்காயும் ஐந்து மாதச் செபத்தில் ஊறிவிட்டது. புதிதாக ஒன்று நிற்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை அளக்க என் கையில் இருந்த கேள்விகளால் முடியாமல் போய்விட்டது. ரீத்தம்மா என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்:

“ரெண்டாந்தரம் கேக்கிறவை பதிலைக் கேக்கிறேல்ல பிள்ளை. பிழையைத்தான் தேடுறவை.”

பிறஷர்

டொக்டரிடம் வாருங்கோ என்று அன்றைக்கும் கேட்டேன். வரமாட்டேன் என்றார். காரணத்தை மழை விட்ட பிறகு, என்னை வழியனுப்பும்போது சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு துண்டில் மறதி என்று எழுதினாலே போதும். நாளைக்கு ஜெறோமைப் பற்றி எங்கே போய்ச் சொன்னாலும், உந்த மனுசிக்கு அறளை பெயர்ந்துபோச்சு, வேறொரு மகனின் கதையைச் சொல்லுறா என்று தள்ளிவிடுவார்கள். அவனைக் கடைசியாகக் கண்ட ஆள் அவர்தான். அவரைத் தள்ளினால் ஜெறோமையும் தள்ளின மாதிரி.

இதை அப்படியே கொண்டுபோய்க் கிளினிக்கில் டொக்டரைக் கேட்டேன். நோயாளியைப் பற்றி எழுதுவதை அவருடைய சம்மதமில்லாமல் நாங்கள் வெளியே கொடுக்கமாட்டோம், ஆனால் வெளியே இருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் எப்படிச் சத்தியம் பண்ண முடியும் என்றார். இன்னொன்றும் சொன்னார். இன்றைய நிலையில் இந்த அம்மா விளங்கித்தான் கதைக்கிறார் என்று பரிசோதனையில் தெரிந்தால், அதையும் தன்னால் எழுதிக் கொடுக்க முடியும்.

எங்கள் கிளினிக் தாதி ஜெயந்தி அக்கா நல்லவர். வேலை முடிய வேண்டும் என்ற நினைப்பும் உள்ளவர். ஏன் இவ்வளவு கரைச்சல், பிறஷர் பார்க்கிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வாரும், வந்த பிறகு பார்ப்போம் என்றார். நான் மாட்டேன் என்றேன். அப்படிச் சொல்லிக் கூட்டிவந்தால் அவர் இத்தனை வருடம் சந்தேகப்பட்டது சரி என்று நானே காட்டின மாதிரி ஆகிவிடும். அக்கா பஞ்சை டப்பாவுக்குள் போட்டு மூடினார்:

“உண்மையைச் சொல்லி இதுவரைக்கும் ஒரு ஆளையாவது இஞ்ச கொண்டு வந்திருக்கிறீரோ?”

திரும்பக் கேட்டவர்

மூன்றாம் முறை ரீத்தம்மாவிடம் கேள்விகள் இல்லாமல் போனேன். பையைக்கூடக் கொண்டுபோகவில்லை. டொக்டர் சொன்னதை, அவரால் சத்தியம் பண்ண முடியாததையும் சேர்த்து, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மாற்றக்கூடிய மறதி என்றால் மாற்றலாம். மாற்ற முடியாதது என்றால், அது கூடுவதற்கு முன்னம், இப்போதே, ஜெறோமின் கதையை உங்கள் வாயால் முழுதாக, நீங்கள் நம்புகிறவர்களுக்கு முன்னால் சொல்லிப் பதிந்து வைக்கலாம். விளங்கித்தான் சொன்னார் என்று டொக்டரின் எழுத்தும் பக்கத்தில் இருக்கும். பிந்தினால் அந்த எழுத்தை அவராலும் தர முடியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றேன்.

ரீத்தம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மூன்று சொல் சொல்வேன், பிறகு கேட்பேன் என்றார். பகிடி என்று நினைத்தேன். முகத்தில் பகிடி இல்லை. “ஜெறோம். நீலச் சட்டை. பாலத்தடி” என்றார். பிறகு வேறு கதை கதைத்தார், மீன் விலை, பிலோமினாவின் முழங்கால் நோ. நான் வெளிக்கிடும்வரை கேட்கவே இல்லை. ஆனால் அடுத்த கிழமை கிளினிக்குக்கு இரண்டு பேரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். ஜெயந்தி அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் காணாதது போல நின்றேன்.

இரத்த முடிவு வந்த நாள் டொக்டர் அவருக்கு விளக்கமாகச் சொன்னார். தைரொயிட் குறைவு இருக்கிறது, குளிசை போட வேண்டும். மறதி முழுதும் அதனால்தானா என்று இப்போது சொல்ல முடியாது. குளிசை வேலை செய்த பிறகு பார்க்க வேண்டும். இன்றைக்கு விளங்கித்தான் கதைக்கிறார், அதை எழுதித் தருகிறேன். ரீத்தம்மா அந்தத் துண்டை வாங்கி, பிலோமினாவைக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்து, மடித்துச் செபமாலைப் பைக்குள் வைத்தார். பிறகு வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை. “சொல்லும்” என்றார்.

ஜெறோம் என்றேன். நீலச் சட்டை என்றேன். பாலத்தடி என்றேன். அவர் தலையாட்டவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, பச்சைச் சட்டையெல்லே என்றார். இல்லை அம்மா, நீலம் என்றேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்:

“ஓம், நீலம். தை மாசம் திரும்பக் கேப்பன். மாத்திச் சொல்லாதேயும்.”

இத்தனை பேருடைய ஞாபகத்துக்கு மதிப்பெண் போட்டுத் திரிந்த நான், இப்போது ஒவ்வொரு நாளும் பொழுதுபட மூன்று சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு, ரீத்தம்மாவின் வேலையில் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன்.